பிள்ளைகள் கார்டு மாற்றிக்கொள்ளட்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், நிகழ்ச்சி நிரல் 4-ஆம் பொருளை ஒட்டிப் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். 38 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கவுன்டருக்கு வெளியே நிற்பவர்களின் அவசரம் எனக்குத் தெரியும். சுருக்கமாகவே பேசப் பார்க்கிறேன்.

நான்காவது பொருள் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கார் பார்க்கிங்கில் பிள்ளைகள் போக்கிமான் கார்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு பையன் பளபளப்பான கார்டு ஒன்றைக் கொடுத்து மூன்று சாதாரண கார்டு வாங்கிவிட்டு, மறுநாள் திருப்பிக் கேட்டிருக்கிறான். இன்னொரு பையன் வீட்டிலிருந்து 350 ரூபாய் எடுத்துப்போய் ஒரே ஒரு கார்டு வாங்கியிருக்கிறான். நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் பெரியவர்கள் சண்டை போட்டோம். அதற்குள் பிள்ளைகள் சமாதானமாகிவிட்டார்கள். இப்போது, வளாகத்துக்குள் கார்டு விளையாட்டையே தடை செய்யவேண்டும் என்று தீர்மானம் வந்திருக்கிறது.

நான் அதை எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என் கணக்கையும் காட்டிவிடுகிறேன். நானும் சேர்த்தவன்தான்.

எங்கள் வீடு அப்போது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். 1960-களின் கடைசி. எங்கள் தெருவில் பையன்களின் நாணயம் சிகரெட் அட்டை. காலிப் பெட்டியைக் கிழித்து, மேல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தரையில் வட்டம் போட்டு அட்டைகளை அடுக்கி, தட்டைக் கல்லால் அடித்து வெளியே தள்ளவேண்டும். தள்ளியது உனக்கு. சார்மினார் 10, சிசர்ஸ் 50, வில்ஸ் 100. எங்காவது ஒரு 555 அட்டை கிடைத்தால் அது 1000. இந்த மதிப்பை யார் நிர்ணயித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவரும் மீறமாட்டார்கள்.

என் அத்தை வீடு ராயபுரம் கல்மண்டபம் பக்கம். அங்கே துறைமுகம் கிட்டே. கப்பல்காரர்கள் பிடித்துவிட்டுப் போடும் 555 பெட்டி அந்தத் தெருக்களில் அவ்வளவு அபூர்வம் இல்லை. அங்கே அதன் மதிப்பு 500-தான். விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போய், என்னிடம் இருந்த வில்ஸ் அட்டைகளைக் கொடுத்து 555-ஆக மாற்றி, பஸ் ஏறித் திருவொற்றியூருக்குக் கொண்டுவந்து இரண்டு மடங்குக்கு மாற்றுவேன். பின்னால் சர் தியாகராயா கல்லூரியில் பி.காம். படித்தபோது, ஓர் ஊரில் மலிவாக வாங்கி இன்னோர் ஊரில் விலைக்கு விற்பது பற்றி ஆசிரியர் பாடம் எடுத்தார். இதைத்தானே ஒன்பது வயதில் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜப்பானிலும் இதே மாதிரி ஒரு விளையாட்டு உண்டு. மென்கோ என்று பெயர். தரையில் கிடக்கும் அட்டையைத் தன் அட்டையால் ஓங்கி அடித்துப் புரட்டவேண்டும். ஆதியில் களிமண் வில்லை, பிறகு ஈயம், அதற்குப் பிறகு அட்டை. அட்டை மீது வீரர்களின் படம் அச்சடித்தார்கள். பிள்ளைகள் விளையாடினார்கள், சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள். கார் பார்க்கிங்கில் நம் பிள்ளைகள் வைத்திருக்கும் அட்டைக்கும் காலடிப்பேட்டை அட்டைக்கும் தூரம் அதிகமில்லை.

சிகரெட் அட்டையிலிருந்து நான் தீப்பெட்டி லேபிளுக்கு மாறினேன். திருவொற்றியூர்க்காரனுக்கு அது சொந்தச் சரக்கு. நம் மெட்ரோ நிலையத்துக்கு விம்கோ நகர் என்று ஏன் பெயர்? 2021-ல் மெட்ரோ வந்த பிறகு இங்கே குடிவந்தவர்கள் பலருக்கு அது ஏதோ ஒரு பெயர். அது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. 1923-ல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி. அதன் தொழிற்சாலைகளில் ஒன்று இங்கே இருந்தது. அவர்களுடைய கப்பல் மார்க் தீப்பெட்டி என் அம்மா அடுப்பு மேடையில் எப்போதும் இருக்கும்.

1974-ல் பழைய மூர் மார்க்கெட்டில் நாலணா கொடுத்து ஒரு லேபிள் வாங்கினேன். இதோ, இந்த பிஸ்கட் டப்பாவில் அது இன்னும் இருக்கிறது. லட்சுமி படம். கீழே சின்ன எழுத்தில், ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. நம் லட்சுமிக்கு ஜப்பானில் என்ன வேலை என்று அப்போது புரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு ஏராளமான தீப்பெட்டி ஜப்பானிலிருந்து, கோபே, ஒசாகா பக்கமிருந்து வந்தது. முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு குறைந்ததும் ஜப்பான் சரக்கு இன்னும் பெருகியது. நமக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று விசாரித்து, நம் சாமிகளையே அச்சடித்து அனுப்பினார்கள். குச்சி எரிந்துபோகும். படம் வீட்டில் தங்கும். அடுத்த முறை கடைக்காரரிடம் அந்தப் படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு அரசு கடுமையாக வரி போட்டது. அதே வருடம் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு, 1923-ல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். அதே 1923-ல்தான் விம்கோவும் பிறந்தது. இன்று பேரப்பிள்ளை கையில் இருக்கும் ஜப்பான் பொம்மைப் படம் புதிதாக வந்த பைத்தியம் என்று நாம் நினைக்கிறோம். நம் பாட்டன்மார் வீட்டு அடுப்பங்கரைக்கே ஜப்பான் படம் வந்துவிட்டது.

சரி, சேர்ப்பது நல்ல பழக்கம், விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்ல நான் வரவில்லை. கம்பெனிகள் என்ன செய்கின்றன என்பதும் நமக்குத் தெரியவேண்டும். இதையும் ஜப்பானை வைத்தே சொல்கிறேன். இந்தத் தொழிலைக் கரைகண்டவர்கள் அவர்கள்தான்.

1922-ல் ஒசாகாவில் கிளிகோ என்ற கேரமல் மிட்டாய் விற்பனைக்கு வந்தது. அதன் நிறுவனர், சாப்பிடுவதும் விளையாடுவதும்தான் குழந்தைகளின் இரண்டு பெரிய வேலைகள் என்று நம்பியவர். மிட்டாயோடு படம் வைத்தார், பிறகு குட்டி பொம்மை வைத்தார். அங்கே அதற்கு ஒமாகே என்று பெயர். நம் ஊரில் கொசுறு என்போமே, அதுதான். நம் வயதுக்காரர்களுக்கு உடனே பினாக்கா நினைவு வரும். பினாக்கா பற்பசை டப்பாவுக்குள் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் மிருகம் இருக்கும். பற்பசை தீருவதற்காகவே தினம் மூன்று வேளை பல் தேய்த்த பிள்ளைகள் உண்டு. எங்கள் வீட்டிலேயே உண்டு.

1963 ஜனவரியில் ஆஸ்ட்ரோ பாய் தொலைக்காட்சித் தொடர் ஜப்பானில் தொடங்கியது. அதற்கு விளம்பரம் கொடுத்த மெய்ஜி கம்பெனி, தன் சாக்லெட்டோடு அந்தப் பையனின் ஸ்டிக்கரைக் கொடுத்தது. அது பிள்ளைகளிடம் தீயாகப் பரவியது. தொடர் பார்த்தால் சாக்லெட், சாக்லெட் வாங்கினால் ஸ்டிக்கர், ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் மறுபடி தொடர். இந்தச் சக்கரம் இன்றுவரை நிற்கவில்லை.

1971-ல் கமென் ரைடர் என்ற வீரனின் அட்டையோடு கால்பி கம்பெனி ஒரு நொறுக்குத்தீனி விற்றது. பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு தீனியைத் தூக்கி எறிந்தார்கள். அது அந்த நாட்டில் பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது. போன வாரம் நம் வளாகத்தில் துப்புரவு வேலை செய்யும் அம்மா என்னிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது: "ஐயா, முட்டாயி அப்பிடியே இருக்குது, உள்ள இருந்த பொம்மைய மட்டும் எடுத்துக்கினு போட்டுட்டாங்க." ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஜப்பான் செய்தியை நம் குப்பைத்தொட்டியில் பார்த்தேன்.

1980-களில் லோட்டே கம்பெனியின் பிக்குரிமான் ஸ்டிக்கருக்கு அப்படி ஒரு வெறி. பளபளப்பான ஸ்டிக்கர் மட்டும் அபூர்வமாக வரும். 1988-ல் ஜப்பானின் வணிகக் கண்காணிப்பு ஆணையம் தலையிட்டு, ஒன்றுக்கொன்று மதிப்பிலும் எண்ணிக்கையிலும் இவ்வளவு வித்தியாசம் கூடாது என்றது. வெவ்வேறு அட்டைகளைச் சேர்த்து முழு செட் காட்டினால் பரிசு என்ற முறைக்கு அங்கே தடை இருக்கிறது. 2012-ல், செல்போன் விளையாட்டுகளில் காசு கட்டி அதே மாதிரி செட் சேர்க்கவைப்பதும் அந்தத் தடைக்குள்தான் வரும் என்று அரசு சொல்லிவிட்டது. கவனியுங்கள். சேர்ப்பதைத் தடுக்கவில்லை, மாற்றிக்கொள்வதையும் தடுக்கவில்லை. செட் என்ற தூண்டிலைத்தான் தடுத்தார்கள்.

ஏன் அது தூண்டில்? ஒரு கணக்குச் சொல்கிறேன். பிள்ளைகளும் கேளுங்கள். ஒரு மிட்டாயில் பத்து வகை பொம்மை. எல்லாம் சம அளவில் வருகிறது, எது வரும் என்று வெளியே தெரியாது. பத்தும் சேர எத்தனை மிட்டாய் வாங்கவேண்டும்? பத்து என்று சொல்லத் தோன்றும். சராசரியாக 29. முதல் ஐந்து வகை சேர ஆறேழு மிட்டாய் போதும். மீதி ஐந்துக்கு சுமார் 23 மிட்டாய். கடைசி ஒரே ஒரு பொம்மைக்கு மட்டும் சராசரியாகப் பத்து. மிட்டாய் 50 ரூபாய் என்றால், 500 ரூபாயில் முடியும் என்று தொடங்கியது 1,450 ரூபாயில் நிற்கும். அபூர்வ வகை என்று ஒன்றை வைத்துவிட்டால் இந்தக் கணக்கும் போதாது.

நம் நாட்டிலும் சட்டம் சும்மா இல்லை. இலவசம் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டு, அதன் விலையை முழுதாகவோ பாதியாகவோ பொருளின் விலைக்குள்ளேயே சேர்த்து வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கொசுறுக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவேண்டியது நம் வேலை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த 29-ஐக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. உன்னிடம் இரண்டு இருப்பதை என்னிடம் கொடு, என்னிடம் இரண்டு இருப்பதை நீ எடுத்துக்கொள். பத்துப் பிள்ளைகள் கூடி மாற்றிக்கொண்டால், ஒவ்வொருவரும் வாங்கவேண்டிய எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். கம்பெனியின் கணக்குக்குப் பிள்ளைகள் கண்டுபிடித்த பதில் அது. கார் பார்க்கிங்கில் மாற்றிக்கொள்வதை நாம் தடை செய்தால் என்ன ஆகும்? சேர்ப்பது நிற்காது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடைக்குப் போய் 29 வாங்குவார்கள். லாபம் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

இதையெல்லாம் இன்று விவரமாகப் பேசுகிறேன். பேசவேண்டிய நாளில் பேசவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2004-ஆம் வருடம். என் மகன் எட்டாம் வகுப்பு. அப்போது சிப்ஸ் பாக்கெட்டுக்குள் டாஸோ என்று வட்டமாக ஒரு பிளாஸ்டிக் வில்லை வரும், அதில் போக்கிமான் படம். இங்கே டிவியில் போக்கிமான் ஓட ஆரம்பித்திருந்த சமயம். மகன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வைத்திருந்தான். அரைப் பரீட்சையில் கணக்கில் 41 மார்க். நான் கையெழுத்துப் போடும்போதே கோபம் தலைக்கேறியது. அவன் ட்யூஷன் போயிருந்த நேரத்தில், பழைய பேப்பர்க்காரர் தெருவில் வந்தார். செய்தித்தாளோடு அந்தப் பாட்டிலையும் கொடுத்துவிட்டேன். அவன் வந்து தேடினான். "போட்டாச்சு. போய்ப் படி" என்றேன். அழவில்லை, சத்தம் போடவில்லை. உள்ளே போய்விட்டான். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கிறான் என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

போன மே மாதம் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரன் ஒரு ஃபைலில் கார்டுகளை அடுக்கி வைத்திருக்கிறான். எனக்குக் காட்ட ஓடிவந்தான். பின்னாலிருந்து மகன் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "தாத்தாகிட்ட காட்டாதடா. உள்ள வை."

ராத்திரி மொட்டை மாடியில் நான்தான் பேச்சை எடுத்தேன். "இன்னுமாடா அத மனசுல வச்சிருக்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எண்ணூர்ப் பக்கம் தெரியும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அது போனதுகூட பரவால்லப்பா. அதுல பாதி என்னுதே இல்ல. க்ளாஸ்ல பசங்க மாத்தறதுக்காக என்கிட்ட குடுத்து வச்சிருந்தாங்க. நான்தான் கரெக்டா வச்சிருப்பேன்னு."

ஐந்து பையன்களுக்கு அவன் திருப்பித் தரவேண்டியிருந்தது. பஸ் காசில் பள்ளிக்கு நடந்துபோய், மிச்சப்படுத்தி, சிப்ஸ் வாங்கி வாங்கி, மூன்று மாதத்தில் அடைத்திருக்கிறான். யார் யாருக்கு எத்தனை என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடித்திருக்கிறான். எனக்குத் தெரியாது. கணக்கில் 41 வாங்கிய பையன்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். ஒருவர் நம்பிக் கொடுத்துவைத்த பொருளில் ஒரு பைசா குறைந்தால் அன்று வீட்டுக்குப் போக முடியாது, இரவு ஒன்பதானாலும் உட்கார்ந்து கண்டுபிடிக்கவேண்டும். அப்படி இருந்தவன், ஐந்து பிள்ளைகள் என் மகனிடம் வைத்த வைப்பை எடைக்குப் போட்டுவிட்டேன். கிலோ நாலு ரூபாயோ ஐந்து ரூபாயோ. அந்த பாட்டிலுக்குள் நான் பிளாஸ்டிக்கைப் பார்த்தேன். அதற்குள் இருந்த நாணயத்தைப் பார்க்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். கார் பார்க்கிங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கையில் இருப்பது வெறும் அட்டைதான் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அவர்களுக்குள் என்ன கொடுக்கல் வாங்கல், யார் யாரை நம்புகிறார்கள் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து பாருங்கள். தடைக்குப் பதிலாக நான்கு யோசனைகள் வைக்கிறேன்.

1. மாற்றிக்கொள்ளலாம். காசுக்கு விற்க, வாங்கக் கூடாது. 350 ரூபாய்ப் பிரச்சினை அதோடு முடியும்.

2. மாற்றியதை மறுநாள் அதே நேரத்துக்குள் திருப்பிக் கேட்கலாம், ஏன் என்று சொல்லவேண்டியதில்லை. அதற்குப் பிறகு கேட்கக் கூடாது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை ஏமாற்றாமல் இருக்க இது போதும்.

3. உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டுத்தான் பொம்மையைத் தொடவேண்டும். சாப்பிட முடியாது என்றால் வாங்கவேண்டாம். குப்பைத்தொட்டியில் முழு மிட்டாய் கிடப்பதை நான் இனி பார்க்கக் கூடாது.

4. பெற்றோருக்கு: ஃபேன்சி ஸ்டோரில் தங்கக் கலரில் மின்னும் போக்கிமான் கார்டு கட்டுக்கட்டாகத் தொங்குகிறதே, அவை அநேகமாகப் போலி. உண்மையான கார்டை ஓரமாகப் பிடித்துப் பார்த்தால், இரண்டு தாளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அச்சில் எழுத்துப் பிழை இருக்காது. கீழே மூலையில் வட்டம் இருந்தால் சாதாரணம், வைரக் குறி இருந்தால் சற்று அரிது, நட்சத்திரம் இருந்தால் அரிது. போலியை வைத்து விளையாடுவதில் தவறில்லை. போலியைக் கொடுத்து அசலை வாங்குவதுதான் தவறு. இதைப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள், வாட்ஸ்அப்பில் சண்டை போடவேண்டாம்.

ஞாயிறு மாலை 5 மணி முதல் 6 மணி வரை சங்க அறையைத் திறந்துவிடுங்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறேன். யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள், எதை வாங்கினார்கள் என்று பிள்ளைகளே எழுதட்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். நான் சரிபார்க்கிறேன். வேறு எதிலும் தலையிடமாட்டேன். என் பிஸ்கட் டப்பாவும் மேசை மேல் இருக்கும். லட்சுமி லேபிளை மட்டும் மாற்றித் தரமாட்டேன். மற்றதெல்லாம் பேசிக்கொள்ளலாம்.

முழு செட் சேர்ந்ததா என்று கம்பெனி கேட்கும். யாரிடம் மாற்றினாய், அவன் கணக்கு தீர்ந்ததா என்று நாம் கேட்போம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து நிமிடம் இருபத்தைந்தாகிவிட்டது. மன்னிக்கவேண்டும்.